"ஒட்டஹீட்டி" என்னும் பழஞ்சொல்: அரைநெல்லிக்கு ஏன் ஒரு தீவின் பெயர்?

பதிவு 1 | கயல்மொழி

அனைவருக்கும் வணக்கம். மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டப் பயிர்களைப் பற்றிய பழைய ஆங்கிலக் குறிப்புகளை இரண்டு ஆண்டுகளாகத் தமிழாக்கி வருகிறேன். அவற்றில் "ஒட்டஹீட்டி" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒட்டஹீட்டி ஆப்பிள், ஒட்டஹீட்டி நெல்லி, ஒட்டஹீட்டி வால்நட், ஒட்டஹீட்டி ஆரஞ்சு, ஒட்டஹீட்டிக் கரும்பு என்று ஒரே அடைமொழி பல மரஞ்செடிகளின் தலையில் ஏறி நிற்கிறது. பசிபிக் பெருங்கடலிலுள்ள தாகித்தித் தீவின் பழைய ஆங்கிலப் பெயர் அது என்று அகராதி சொன்னதால், முதல் படியில் எல்லா இடத்திலும் "தாகித்தி" என்றே எழுதிவிட்டேன்.

பிறகு ஒரு குறிப்போடு இருந்த படத்தைப் பார்த்தேன். இலையில்லாத கிளைகளிலும் அடிமரத்திலும் கொத்துக் கொத்தாகக் காய்கள், வெளிர் மஞ்சள் நிறம், ஒவ்வொன்றிலும் ஆறேழு விலாப் பிளவுகள். படத்தின் கீழே ஒட்டஹீட்டி நெல்லி என்று இருக்கிறது. ஆனால் அது என் ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் நின்ற அரைநெல்லி மரமேதான். பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பார்களே, அந்தக் காய். அதை நான் "தாகித்தி நெல்லி" என்று எழுதிப் பதிப்பகத்துக்கும் அனுப்பியாயிற்று. திருத்துவதற்கு இன்னும் சில நாட்கள் அவகாசம் இருக்கிறது.

என் கேள்விகள் இவை. அரைநெல்லி உண்மையில் தாகித்தியிலிருந்து வந்த மரமா? இல்லையென்றால் அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? இன்னொரு சிக்கலும் உண்டு. ஜமைக்காத் தோட்டம் ஒன்றைப் பற்றிய குறிப்பில் ஒட்டஹீட்டி ஆப்பிள் மரம் வருகிறது. அந்தப் பெயர் இரண்டு வெவ்வேறு மரங்களுக்கு வழங்குவதாக ஓர் அகராதி சொல்கிறது. எதைக் குறிக்கிறது என்று முடிவெடுக்க முடியவில்லை.

பதிவு 2 | தென்கடலோடி

முதலில் சொல்லின் முன்னால் நிற்கும் "ஒ" என்ற எழுத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது தீவின் பெயரைச் சேர்ந்ததே அன்று.

தாகித்தி மொழியில் ஒரு பெயரைச் சுட்டிச் சொல்லும்போது அதன் முன் "ஓ" என்ற இடைச்சொல் வரும். "இது எந்த நாடு?" என்று கேட்டால் "ஓ தாகித்தி", அதாவது "இது தாகித்தி" என்பார்கள். நம் பக்கம் வந்த அயலான் ஒருவன் "இது என்ன ஊர்?" என்று கேட்டு, "தஞ்சாவூருங்க" என்ற பதிலைக் கேட்டு, வரைபடத்தில் "தஞ்சாவூருங்க" என்றே எழுதிக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இது நடந்தது. 1767 ஜூன் மாதத்தில் டால்ஃபின் கப்பலில் அங்கே சென்ற சாமுவேல் வாலிஸ், தீவுக்குத் தன் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைத்தார். 1769 ஏப்ரலில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த ஜேம்ஸ் குக், தீவு மக்கள் வாயிலிருந்து கேட்ட பெயரை எழுதினார். அதுவே ஒட்டஹீட்டி ஆயிற்று.

இதே இடைச்சொல் வேறு பெயர்களிலும் ஒட்டிக்கொண்டது. 1774இல் இலண்டனுக்கு வந்து, ஓவியர் ரெனால்ட்ஸால் வரையப்பட்ட இளைஞரின் பெயர் மாய். ஆங்கிலேயர் அவரை ஒமாய் என்றே அழைத்தார்கள். ஹவாயித் தீவுக்கும் பழைய எழுத்து "ஒவைஹீ" என்பதுதான். தூ என்ற தலைவர் "ஒட்டூ" ஆனார். ஒரு சிறு இடைச்சொல், கேட்டவர்களின் காதுக்குப் புரியாததால் மட்டும், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பிய நூல்களில் ஒரு பெயரின் முதலெழுத்தாக உட்கார்ந்திருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

குக்கிற்கு ஓராண்டு முன், 1768 ஏப்ரலில் வந்த பிரெஞ்சுக்காரர் பூகன்வீல், இடைச்சொல்லைப் பிரித்தறிந்து "தாயித்தி" என்று எழுதினார். ஆனால் நடுவிலிருந்த ஹகர ஒலியை விட்டுவிட்டார். தாகித்தியின் புகழ்பெற்ற வெள்ளை மலரான தியாரேயின் தாவரவியல் பெயர் இன்றும் கார்டீனியா தாயித்தென்சிஸ் என்றுதான் இருக்கிறது. ஆங்கிலக் காதின் பிழை பழங்களின் பெயரிலும், பிரெஞ்சுக் காதின் பிழை இலத்தீனிலும் தங்கிவிட்டன.

பதிவு 3 | செடிநேசன்

கயல்மொழி அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: அரைநெல்லி தாகித்தியின் மரம் இல்லை. கல்லூரியில் பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலில், "நெல்லிப்புளி" என்ற மலையாளப் பெயருடன் இந்த மரம் படத்தோடு இருக்கிறது. வாலிஸ் தாகித்தியைக் காண்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முந்திய நூல் அது. 1753இல் தாவரவியல் பெயரிடுமுறையை வகுத்த லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டபோதும் அந்தப் படத்தையே சான்றாகக் காட்டினார். அவர் இதை விளிம்பிக்காயின் இனத்தில் சேர்த்து அவெரோவா அசிடா என்றார். 1909இல்தான் பில்லாந்தஸ் அசிடஸ் என்ற இன்றைய பெயர் வந்தது.

இதில் நாம் பெருமையோடு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் கூஸ்பெரி என்பது ஐரோப்பாவின் முட்புதர்ச் செடியின் பழம், அரைநெல்லிக்கு அதனோடு எந்த உறவும் கிடையாது. நம்முடைய பெருநெல்லியும் அரைநெல்லியுமோ பில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. லின்னேயஸ் தவறவிட்ட உறவை, மரத்தடியில் நின்று காயைக் கடித்துப் பார்த்துப் பெயரிட்ட நம் முன்னோர் சரியாகக் கண்டிருக்கிறார்கள்.

பிறப்பிடம் மடகாஸ்கர் என்று பழைய நூல்கள் எழுதின. வடகிழக்குப் பிரேசில் என்று இப்போதைய தாவரப் பட்டியல்கள் காட்டுகின்றன. இந்த இரண்டில் எதை ஏற்றாலும் தாகித்தி அதில் வரவில்லை.

பதிவு 4 | வன்னிமரம்

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். சிங்களத்தில் அரைநெல்லிக்கு "ரட்ட நெல்லி" என்று பெயர். ரட்ட என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று பொருள்படும். தமிழில் சீமை என்று சொல்லுகிறோமே, அதே வேலையைச் செய்யும் சொல். ஆக, இந்த மரம் கடல் கடந்து வந்தது என்ற நினைவு எங்கள் தீவில் அதற்கு வழங்கும் பெயரிலும் இருக்கிறது. எந்தக் கடல் என்று மட்டும் அந்தப் பெயர் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒட்டஹீட்டி என்பதும் "சீமை" போன்ற ஒரு பொது அடைமொழியாகவே ஆகிப்போனதோ? பிரெட்ஃபுரூட் எனப்படும் ஈரப்பலாவைத் தமிழ்நாட்டில் சீமைப்பலா என்பார்கள். அது இங்கிலாந்திலிருந்து வந்தது என்று அதற்குப் பொருள் கிடையாது. வேற்று நாட்டது, நம் பலாவைப் போன்றது, அவ்வளவுதான்.

பதிவு 5 | தென்கடலோடி

வன்னிமரம் அவர்கள் சொன்னது முக்கியமான இடம். இருந்தாலும் ஒட்டஹீட்டி அவ்வளவு பொதுவான சொல்லாகிவிடவில்லை. அதன் பின்னால் குறிப்பிட்ட ஒரு கப்பல் நிற்கிறது.

மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களுக்கு மலிவான உணவு வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் ஈரப்பலாவைக் கேட்டார்கள். ஆங்கிலக் கடற்படை அதிகாரி வில்லியம் பிளை 1788 அக்டோபரில் பவுன்டி கப்பலில் தாகித்தி சேர்ந்து, 1789 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளோடு புறப்பட்டார். அதே மாத இறுதியில் கப்பலில் கலகம் மூண்டது. கன்றுகள் கடலில் வீசப்பட்டன. பிளை மறுபடியும் 1791இல் பிராவிடன்ஸ் என்ற கப்பலில் புறப்பட்டார். தாகித்தியில் கன்றுகளை ஏற்றி, வழியில் தீமோர் தீவில் நின்று, மேலும் செடிகளை ஏற்றிக்கொண்டு, 1793 தொடக்கத்தில் செயின்ட் வின்சென்டிலும் பிறகு ஜமைக்காவிலும் இறக்கினார்.

அரைநெல்லி ஜமைக்காவுக்கு வந்தது அதே 1793இல், தீமோரிலிருந்து. தாவர வரலாற்று நூல்கள் இதைத் தெளிவாகக் குறிக்கின்றன. இங்கேதான் பெயரின் முடிச்சு அவிழ்கிறது என்பது என் கருத்து. துறைமுகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது "தாகித்திக் கப்பல்". அதிலிருந்து இறங்கிய செடி எல்லாம் தாகித்திச் செடி. எந்தத் தொட்டி எந்தத் தீவில் ஏறியது என்று கரையில் யார் கேட்டார்கள்? செடி எங்கே பிறந்தது என்பதைவிட எந்தப் பயணத்தில் வந்தது என்பதையே அந்தச் சொல் பதிந்து வைத்திருக்கிறது.

பதிவு 6 | கயல்மொழி

மிக்க நன்றி. தென்கடலோடி ஐயா சொன்னதைப் படித்ததும் என் மாமியார் ஊரான திண்டிவனத்துப் பக்கம் நிலக்கடலையை "மணிலா" என்றும் "மல்லாட்டை" என்றும் சொல்லும் வழக்கம் நினைவுக்கு வந்தது. நிலக்கடலை தென்னமெரிக்காவின் பயிர். பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் அதற்கு வழியில் வந்த ஒரு துறைமுகமே. வண்டி வண்டியாக மல்லாட்டை ஏற்றிய உழவர்களுக்கு அந்த நகரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. ஆனால் பெயர் நிலத்தில் வேர் பிடித்துவிட்டது.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தக் கப்பலின் முதன்மைச் சரக்கே ஈரப்பலாதான் என்றால், அதற்கு மட்டும் ஏன் ஒட்டஹீட்டி என்ற அடைமொழி நிலைக்கவில்லை?

பதிவு 7 | செடிநேசன்

நல்ல கேள்வி. ஈரப்பலாவுக்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே சொந்தப் பெயர் இருந்தது. 1697இல் டாம்பியர் என்ற கடலோடி தன் பயணநூலில் அதை ரொட்டிப்பழம் என்ற பொருளில் எழுதிவிட்டார். தனிப்பெயர் இருப்பதற்கு அடைமொழி வேண்டியதில்லை.

தாகித்தி மக்களின் பெயர்களை ஆங்கிலேயர் ஏற்காத இடங்களில்தான் ஒட்டஹீட்டி நுழைந்தது. அவர்கள் தம் நாட்டு ஆப்பிளையும் வால்நட்டையும் கொண்டு அயல் மரங்களை அளந்தார்கள். தாகித்தியில் "தியாயிரி" எனப்பட்ட மரத்தின் கொட்டை வால்நட் போல வன்மையான ஓட்டோடு இருந்ததால் ஒட்டஹீட்டி வால்நட் ஆயிற்று. அதன் பருப்பில் எண்ணெய்ச்சத்து மிகுதி. பருப்புகளைத் தென்னங்கீற்றின் ஈர்க்கில் வரிசையாகக் கோத்து, மேல்நுனியில் தீ வைத்தால், ஒன்று எரிந்து முடியும்போது அடுத்தது பற்றிக்கொள்ளும். அதுவே அவர்களின் விளக்கு. அதன் கரியைப் பச்சை குத்தவும் பயன்படுத்தினார்கள். விளக்கும் மையுமாக ஒரு மக்கள் வாழ்வில் கலந்திருந்த மரத்தை "தாகித்தி வால்நட்" என்று எழுதும்போது அந்த வாழ்வு முழுவதும் பெயரிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் இதை நான் வலியுறுத்திச் சொல்வேன்.

பதிவு 8 | பினாங்குத்தமிழ்

செடிநேசன் ஐயா சொல்லும் கொட்டை மலேசியாவில் எங்கள் சமையலறையில் அன்றாடம் இருக்கிறது. மலாயில் புவா கெராஸ் என்பார்கள், கடினமான காய் என்று பொருள். குழம்பு கெட்டியாவதற்கு நாலைந்து பருப்பை மிளகாயோடு அரைத்துச் சேர்ப்போம். பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும், அதனால் சமைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்கமாட்டோம். இதற்கு ஒட்டஹீட்டி என்றும் ஒரு பெயர் உண்டு என்று இன்றுதான் அறிந்தேன்.

கயல்மொழி அக்கா, ஒட்டஹீட்டி ஆப்பிள் பற்றிக் கேட்டீர்களே, அந்தக் குறிப்பில் மரத்தைப் பற்றி வேறு என்ன எழுதியிருக்கிறது? காயா, பூவா, இலையா, எதைப் பற்றியாவது ஒரு வரி இருந்தால் இங்கே சொல்லுங்கள்.

பதிவு 9 | கோவைக் கரும்பு

கரும்பைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். கரும்பு ஆராய்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பட்டியலில் உலக வரலாற்றையே மாற்றிய செடி ஒட்டஹீட்டிக் கரும்புதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

தாகித்தியில் கரும்பின் பெயர் "தோ". பருத்த, சாறு மிகுந்த, மென்மையான கரும்பு. பூகன்வீலின் பயணத்தில் அது மொரீஷியஸ், பூர்போன் தீவுகளுக்கு வந்தது. பிளையின் கப்பல் வழியாக ஜமைக்காவுக்கும் போனது. அதுவரை அமெரிக்கத் தோட்டங்களில் இருந்தது மெலிந்த பழைய கிரியோல் கரும்பு. அதே நிலப்பரப்பில் ஒட்டஹீட்டிக் கரும்பு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சாறு தருகிறது என்று அறிஞர் ஹம்போல்ட் எழுதினார். ஸ்பானிய நாடுகளில் ஒட்டாயித்தி என்றும், ஆங்கிலத் தீவுகளில் பூர்போன் என்றும், ஹவாயில் லகாய்னா என்றும் போகுமிடமெல்லாம் பெயர் மாறிக்கொண்டே போனது. இந்தியாவுக்கு 1827 வாக்கில் மொரீஷியஸிலிருந்து இதைக் கொண்டுவந்தவர் ஸ்லீமன், வழிப்பறிக் கூட்டங்களை ஒடுக்கியவராக நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே அதிகாரி.

ஆனால் அந்தச் செழிப்பிலேயே ஆபத்தும் இருந்தது. கரும்பை விதையால் பயிர் செய்வதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். அதனால் உலகெங்கும் நின்ற ஒட்டஹீட்டிக் கரும்பு எல்லாம் உண்மையில் ஒரே செடியின் துண்டுகள். ஒன்றுக்கு நோய் தாங்காது என்றால் எதற்கும் தாங்காது. 1840களில் மொரீஷியஸில் அது நோயால் வீழ்ந்தது, 1890களில் மேற்கிந்தியத் தீவுகளிலும் கைவிடப்பட்டது. பருத்த கரும்பின் இனிப்பையும் காட்டு நாணல் கரும்பின் வலிமையையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்த வீழ்ச்சிகள் ஒரு பெரிய காரணம். 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் அதைத்தான் செய்தார்கள். 1918இல் வெளிவந்த கோ 205 என்ற கரும்பினம், வெள்ளை என்னும் பருத்த கரும்புக்கும் காட்டுக் கரும்புக்கும் பிறந்தது. பார்பரின் பெயரை வட இந்தியக் கரும்பினம் ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது.

சர்க்கரை மிகுந்தது தோட்டக்காரர்களுக்கு வரவு. அதை வெட்டிச் சுமந்தவர்கள் அடிமைகள். உங்கள் நூலில் "ஒட்டஹீட்டிக் கரும்பு" என்ற சொல்லை மாற்றாமல் அப்படியே வையுங்கள், அம்மா. வேறெந்தப் பெயரும் அந்த 130 ஆண்டுக் கதையைச் சொல்லாது.

பதிவு 10 | வன்னிமரம்

ஒட்டஹீட்டி ஆப்பிள் என்ற பெயர் பெறும் இரண்டு மரங்களில் ஒன்று எங்கள் அம்பரெல்லா. காய் முற்றினாலும் பச்சையாக இருக்கும்போதே பறித்து, தேங்காய்ப்பாலில் கறி வைப்போம், அச்சாறும் போடுவோம். உள்ளே கொட்டையைச் சுற்றி முள்முள்ளாக நார் இருக்கும், கவனமில்லாமல் கடித்தால் பல்லிடுக்கில் குத்தி நின்றுவிடும். ஒருமுறை குத்தினால் பிறகு மறக்கவே மறக்காது.

பதிவு 11 | தென்கடலோடி

அம்பரெல்லாவின் பெயர்க்கதை தனியே சொல்லத்தக்கது. முதலில் இதைத் தாவரவியல் முறையில் பெயரிட்டு எழுதியவர் குக்கின் கப்பலில் ஓவியராகச் சென்ற சிட்னி பார்க்கின்சன். ஊர் திரும்பும் வழியில் 1771இல் கடலிலேயே இறந்துபோன அந்த இளைஞரின் குறிப்புகள் 1773இல் நூலாயின. பூகன்வீல் தாகித்திக்கு "புதிய சித்தேர்" என்று கிரேக்கத் தீவொன்றின் பெயரை வைத்திருந்தார். தீவுக்கு அந்தப் பெயர் நிலைக்கவில்லை, பழத்துக்கு நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக் கரீபியத் தீவுகளில் இன்றும் அம்பரெல்லாவைச் "சித்தேர்ப் பழம்" என்றே சொல்கிறார்கள். பின்னாளில் புதுச்சேரியில் நெடுங்காலம் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையறிஞர் சோனரா, 1782இல் அதற்கு ஸ்பான்டியாஸ் சித்தேரியா என்று இலத்தீனிலும் பெயரிட்டார்.

தாகித்தி மக்கள் அதை "வீ" என்றார்கள். ஐரோப்பியர் காலத்தில் மாமரம் அங்கே வந்தபோது, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் பழத்துக்கும் "வீ" என்ற பெயரையே கொடுத்தார்கள். காலப்போக்கில் வீ என்றால் மாம்பழம் என்றே ஆகிவிட, பழைய பழத்தைப் பிரித்துச் சொல்ல "வீ தாகித்தி" என்று அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. காலங்காலமாக விளைந்த மண்ணிலேயே ஒரு பழத்துக்கு ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்லும் நிலை வந்திருக்கிறது. படிக்கும்போது என் மனத்தைத் தைத்த செய்தி இது.

பதிவு 12 | கயல்மொழி

பினாங்குத்தமிழ் தங்கை கேட்டபடி குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காயைப் பற்றி ஒன்றுமில்லை. வீட்டு முற்றத்தில் அந்த மரம் பூத்துக் கொட்டும் வாரங்களில் தரை தெரியாமல் செம்பட்டு விரித்ததுபோல் இருந்தது என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வருகிறது. நான் அதை அணிநலத்துக்காக எழுதியது என்று எண்ணி விரைந்து கடந்துவிட்டேன்.

பதிவு 13 | பினாங்குத்தமிழ்

அந்த ஒரு வரியே போதும், அக்கா. அது அம்பரெல்லா இல்லை. நாங்கள் கெடொண்டோங் என்று சொல்லும் அம்பரெல்லாவின் பூ சிறியது, வெளிறியது, உதிர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் சொல்வது மலாயில் "ஜம்பு போல்" என்ற பெயர் கொண்ட மரம். என் பெரியம்மா வீட்டு வாசலில் ஒன்று நிற்கிறது. பூவில் இதழ்களைவிட மகரந்தத் தாள்கள்தாம் எடுப்பாக இருக்கும், ஊசி ஊசியாக, அடர்ந்த ஊதாச்சிவப்பில். கிளையிலேயே, சில நேரம் அடிமரத்திலேயே ஒட்டிப் பூக்கும். உதிரும் நாட்களில் காலையில் கதவைத் திறந்தால் சிமெண்டுத் தரை தெரியாது. பெரியம்மா பெருக்கித் தள்ளிவிட்டு உள்ளே போய்த் திரும்பி வருவதற்குள் மறுபடி சிவந்திருக்கும். பழம் பேரிக்காய் வடிவில், கருஞ்சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையுமாக, மெல்லிய பன்னீர் மணத்தோடு இருக்கும்.

பதிவு 14 | செடிநேசன்

முற்றிலும் சரி. சிசீஜியம் மலாக்கென்சே, நாவல் மரத்தின் பேரினம். ஜமைக்காவில் ஒட்டஹீட்டி ஆப்பிள் என்றால் இன்றும் இதுதான், அம்பரெல்லாவுக்கு அங்கே ஜூன் பிளம் என்று வேறு பெயர். இதையும் 1793இல் பிளையின் கப்பல்தான் அங்கே கொண்டு சேர்த்தது. தாகித்தியில் இதன் பெயர் "அஹியா". ஆனால் தாகித்தியும் இதன் பிறப்பிடமன்று. மலாய்த் தீவுகள், நியூகினிப் பகுதிகளிலிருந்து பொலினீசிய மக்கள் தம் தோணிகளில் கிழக்கே கொண்டுபோனார்கள்.

பதிவு 15 | கயல்மொழி

அப்படியானால் என் திருத்தங்களை இவ்வாறு செய்கிறேன். "தாகித்தி நெல்லி" எல்லா இடத்திலும் "அரைநெல்லி" ஆகிறது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும், பிளையின் கப்பலில் தீமோரிலிருந்து வந்ததால் ஜமைக்காவில் ஒட்டஹீட்டி நெல்லி எனப்பட்டது என்று ஒரு வரி சேர்க்கிறேன். வால்நட் வரும் இடத்தில் தியாயிரி என்ற தாகித்திப் பெயரையே வைத்து, அந்த ஈர்க்கு விளக்கையும் அடிக்குறிப்பில் சொல்கிறேன். கரும்புக்கு ஐயா சொன்னபடி பழைய பெயர் அப்படியே நிற்கும். ஆப்பிளுக்கு "ஒட்டஹீட்டி ஆப்பிள் எனப்பட்ட ஜம்பு" என்று எழுதுகிறேன். செம்பட்டு வரியையும் மறுபடி மொழிபெயர்க்க வேண்டும். முதல் படியில் "மலர்கள் உதிர்ந்தன" என்று எழுதியிருந்தேன். உதிர்ந்தவை மகரந்தத் தாள்கள் என்று இப்போது தெரிகிறது.

பினாங்குத்தமிழ் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். பெரியம்மா வீட்டு மரம் அடுத்த முறை பூக்கும்போது, பெருக்குவதற்கு முன்னால் வாசலை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

பதிவு 16 | பினாங்குத்தமிழ்

கட்டாயம் அனுப்புகிறேன், அக்கா. பெரியம்மாவிடம் இன்றே சொல்லி வைக்கிறேன்.